சுஃப்ரென் கடலூரில் வென்றாரா? வென்றிருந்தால் அவர் பெயர் புதுச்சேரித் தெருவில் இருப்பது ஏன்?

முதுநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகரில் பிறந்தவன். இருபது ஆண்டுகளாகப் புதுச்சேரியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் நடக்கும் பழக்கம் இருப்பதால், அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும் சுய்ப்ரேன் வீதியை ஏறத்தாழ நாள்தோறும் கடக்கிறேன். அந்தப் பெயருக்குரியவர் யாரென்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டபோது, யாரோ ஒரு பழைய கவர்னராக இருப்பார் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். கவர்னர் இல்லை, கடற்படைத் தளபதி என்று ஆசிரியை சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு உட்கார்ந்து தேடிப் படித்ததில் எனக்கு வியப்பே மிஞ்சியது. பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரென் என்ற இந்த மனிதரின் பெயரைச் சொல்லும் இடங்களிலெல்லாம் கடலூர்ப் போர் என்ற சொல்லும் கூடவே வருகிறது. எங்கள் ஊரில் நடந்த போர். எங்கள் ஊரில் எனக்கு யாரும் சொல்லித் தராத போர். அதிலும் குழப்பம் இருக்கிறது. ஓரிடத்தில் கடலூர்ப் போர் 1758இல் நடந்ததாகவும், இன்னோரிடத்தில் 1783இல் நடந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். 1758 என்றால் சுஃப்ரெனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

விவரம் அறிந்தவர்களிடம் என் சந்தேகங்களை வைக்கிறேன். இந்தியாவுக்கு வரும்முன் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கடலூரில் உண்மையிலேயே வென்றாரா, அல்லது தோற்காமல் தப்பித்ததைத்தான் வெற்றி என்று எழுதிவிட்டார்களா? கடலூரில் போரிட்டவருக்குத் தெரு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் வந்தது எப்படி? மகளின் ஒப்படைவு முடிந்துபோய்விட்டது. இப்போது கேட்பது எனக்காக.

பழஞ்சுவடி

முதலில் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடலூருக்கு முன்னால் கடலில் இரண்டு போர்கள் நடந்தன. 1758 ஏப்ரலில் நடந்தது பிரெஞ்சுத் தளபதி தாஷேக்கும் ஆங்கிலத் தளபதி போக்காக்குக்கும் இடையிலானது. அதையொட்டித்தான் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதற்கும் சுஃப்ரெனுக்கும் தொடர்பில்லை. சுஃப்ரெனின் கடலூர்ப் போர் 1783 ஜூன் 20ஆம் நாள் பிற்பகலில் நடந்தது.

இனி அவருடைய முன்வாழ்க்கை. 1729 ஜூலையில் தென்பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில், சான் கனா என்ற ஊரில், பிரபுக் குடும்பம் ஒன்றில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். பரம்பரைச் சொத்து தலைமகனுக்கு என்ற வழக்கம் இருந்த அந்நாளில், இளைய மகன்களுக்குத் திருச்சபை அல்லது படை என்ற இரண்டு வழிகளே இருந்தன. சுஃப்ரெனுக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்தன. 1743இல் பிரெஞ்சுக் கடற்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் மால்டாத் தீவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர்களின் துறவுச் சபையிலும் உறுப்பினரானார். அந்தச் சபையார் மணம் புரிவதில்லை என்று நோன்பு ஏற்றவர்கள். மத்தியதரைக் கடலில் துடுப்புக் கப்பல்களில் சென்று வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரோடு போரிடுவது அவர்களுடைய அன்றாட வேலை. பிரெஞ்சு அரசு போரில்லாத காலங்களில் தன் அதிகாரிகளைச் சும்மா வைத்திருந்தபோது, சுஃப்ரென் மால்டாவுக்குப் போய்க் கடலில் இருந்தார். சம்பளப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு கரையில் காலம் கழித்த மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது இந்த இரட்டை வேலைதான் என்பது என் எண்ணம்.

அவர் பார்த்த முதற்போர் 1744இல் தூலோன் துறைமுகத்துக்கு எதிரே நடந்தது, வயது பதினான்கு. 1747இல் ஃபினிஸ்டர் முனைக்கு அருகே ஆங்கிலத் தளபதி ஹாக்கிடம் அவர் இருந்த கப்பல் பிடிபட்டது. இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். 1756இல் மினார்க்காத் தீவுக்கு எதிரே நடந்த போரில் இருந்தார். 1759இல் போர்ச்சுகலின் லாகோஸ் அருகே மீண்டும் பிடிபட்டு மீண்டும் கைதியானார். ஆங்கிலேயர் மேல் அவருக்கு இருந்த ஆறாத கோபத்துக்கு இந்த இரண்டு சிறைகளையும் பலர் காரணமாகச் சொல்வர். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது வேறு. இந்தப் போர்களிலெல்லாம் பிரெஞ்சுக் கப்பல்கள் வரிசையாக நின்று, தூரத்திலிருந்து சுட்டு, கப்பலைக் காப்பாற்றிக்கொண்டு விலகுவதையே கலையாகக் கருதின. ஓர் இளம் அதிகாரி பதினைந்து ஆண்டுகள் இதைக் கீழ்த்தட்டில் நின்று பார்த்து, பார்த்து, அந்தக் கலையின்மேலேயே வெறுப்புக் கொண்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் அதற்கு நேர்மாறானது.

பதவி மட்டும் மெதுவாகவே வந்தது. போர்க்கப்பல் தலைவர் என்ற முழுப் பதவி 1772இல்தான் கிடைத்தது. அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்சு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெஸ்தேனின் படையில் 64 பீரங்கிகள் கொண்ட ‘ஃபந்தாஸ்க்’ கப்பலோடு சென்றார். 1779 ஜூலையில் கிரனடாத் தீவுப் போரில் பிரெஞ்சு வரிசையின் முகப்பில் நின்று பெரும் அடி வாங்கினார். தலைமைத் தளபதி அந்த வெற்றியைக் கடைசி வரை பின்தொடராமல் விட்டதை வெளிப்படையாகக் குறைகூறினார். வியப்பு என்னவென்றால், குறைகூறப்பட்ட தெஸ்தேனே அவரைப் பாரிஸில் பரிந்துரைத்தார். அதன் பயனாகத்தான் 1781 மார்ச்சில் ஐந்து போர்க்கப்பல்களோடு ப்ரெஸ்ட் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலை நோக்கி அனுப்பப்பட்டார். வயது 51. நம் ஊரில் அந்த வயதில் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம்.

வழியில், கேப் வெர்ட் தீவுகளில் போர்த்தோ ப்ராயா என்ற துறையில், நன்னம்பிக்கை முனையைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஆங்கிலத் தளபதி ஜான்ஸ்டனின் கப்பல்கள் நங்கூரமிட்டிருப்பதைக் கண்டார். அது நடுநிலை நாடான போர்ச்சுகலின் துறை. தண்ணீர் பிடிக்கத்தான் சுஃப்ரெனும் அங்கே போனார். ஆனாலும் ஏப்ரல் 16 அன்று, தம் கப்பல்கள் வரிசையில் சேரக்கூடக் காத்திராமல், நேரே உள்ளே புகுந்து சுட்டார். பின்னால் வரவேண்டியவர்களில் சிலர் வரவே இல்லை. சண்டையாகப் பார்த்தால் அது குழப்பம். ஆனால் ஜான்ஸ்டன் பழுதுபார்த்துக் கிளம்புவதற்குள் சுஃப்ரென் முந்திப்போய் முனையில் பிரெஞ்சுப் படையை இறக்கிவிட்டதால், டச்சுக்காரர்களின் அந்த இடம் ஆங்கிலேயருக்குக் கிடைக்கவில்லை. சண்டையில் பாதிதான் கைகூடும்; ஆனால் சண்டைக்கு எது காரணமோ அது நிறைவேறிவிடும். கடலூர் வரை அவருடைய கதை இப்படித்தான் போகிறது.

தேவனாம்பட்டினம் கரையிலிருந்து

மேலே எழுதியவர் ஐரோப்பாவை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கரையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கடல் தொழில் செய்வது. நான் மட்டும் படித்து வேறு வேலைக்குப் போனவன். சுஃப்ரெனின் கதையைப் படித்தபோது என் தாத்தா சொல்வது நினைவுக்கு வந்தது: நம் கரையில் கடலுக்குப் போவது பெரிதல்ல, நிற்க இடம் கிடைப்பதுதான் பெரிது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை பெரிய பாய்மரக் கப்பல் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் அரிசியும் தண்ணீர்ப் பீப்பாயும் மசூலாப் படகிலும் சலங்கிலும் கட்டுமரத்திலும் அலையைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். சலங்கு என்ற நம் சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷெலாங்’ என்று தங்கள் மொழியில் வைத்துக்கொண்டார்கள் என்றால், அந்தப் படகு இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாளும் விடியவில்லை என்று பொருள். ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் இந்தக் கரையில் எந்தக் கப்பற்படையும் நிற்க முடியாது. ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் மழைக்காலத்தில் பம்பாய்க்குப் போய்ப் பழுதுபார்த்துத் திரும்புவார். பிரெஞ்சுக்காரர்களின் தளமோ மொரீஷியஸ். அங்கே போய் வருவதற்குள் ஒரு பருவமே போய்விடும்.

1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தோர்வ் கடலிலேயே இறந்து சுஃப்ரெனிடம் படை வந்தபோது நிலைமை இதுதான்: புதுச்சேரி 1778இலேயே ஆங்கிலேயரிடம் போய்விட்டது, டச்சுக்காரர்களின் நாகப்பட்டினமும் திருகோணமலையும் சில மாதங்களுக்குள் ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தன. அவருக்கென்று ஒரு சாண் கரை இல்லை. பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஹியூசோடு முதல் போர். பிறகு பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கினார். அவர்களும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து ஏப்ரல் தொடக்கத்தில் கடலூரைக் கைப்பற்றினார்கள். ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையில் ப்ராவிடியன் அருகே இரண்டாம் போர்; ஜூலை 6இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே மூன்றாவது.

நாகப்பட்டினப் போருக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாய்மரம் உடைந்து, கயிறு அறுந்து வந்த கப்பல்களை மொரீஷியசுக்குக் கொண்டுபோகாமல், கடலூருக்கு எதிரே திறந்த கடலிலேயே நிறுத்திப் பழுதுபார்த்தார். சிறிய கப்பல்களின் பாய்மரங்களையும் பிடிபட்ட கப்பல்களின் கயிறுகளையும் கழற்றிப் பெரிய போர்க்கப்பல்களுக்குப் பூட்டினார். அந்த நாட்களில்தான் ஹைதர் அலி கடலூர்ப் பக்கம் வந்து பாளையமிறங்கி அவரைச் சந்தித்தார். சுஃப்ரென் மிகப் பருமனானவர். தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் தவித்தவருக்கு ஹைதர் மெத்தைகளை வரவழைத்துக் கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. ஹியூஸ் இன்னும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதே சுஃப்ரென் கிளம்பிப் போய் ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையைப் பிடித்துவிட்டார். அவருக்கு ஒரு துறைமுகம் கிடைத்துவிட்டது. ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

செப்டம்பர் 3இல் அங்கே நடந்த நான்காம் போரில் அவருடைய தலைமைக் கப்பலான ‘ஏரோ’வின் நடுப் பாய்மரம் முறிந்து கொடியோடு கடலில் விழுந்தது. கொடி இறங்கினால் சரணடைந்ததாக எதிரி நினைப்பான். வெள்ளைக் கொடிகளை எங்கும் ஏற்றுங்கள், கப்பலையே மூடுங்கள் என்று அவர் கத்தினாராம். அன்றைய பிரெஞ்சு அரசரின் கொடி வெள்ளை என்பதால் இதைப் படிக்கும் நம்மவர் குழம்ப வேண்டாம். அது சமாதானக் கொடி அல்ல.

அந்த ஆண்டு வாடைக்காலத்தைச் சுமத்ராவின் ஆச்சேயில் கழித்தார். அதற்கு முன்பே ‘பிசார்’ என்ற போர்க்கப்பல் கடலூர்க் கரையில் மோதி உடைந்துபோனது. நம் கடல் யாருக்கும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

முதுநகர்வாசி

இரண்டு ஐயாக்களுக்கும் நன்றி. ஐந்தாவது போர்தான் எங்கள் ஊர்ப் போர் என்று புரிகிறது. ஆனால் வெற்றியா இல்லையா என்பது இன்னும் எனக்குத் தெளியவில்லை. நான்கு போர்களில் ஒரு கப்பலையாவது அவர் பிடித்தாரா?

வெள்ளைநகர் நடையன்

இதில் என்ன சந்தேகம்? 1783இல் சுஃப்ரென் கடலூரில் ஆங்கிலக் கடற்படையை விரட்டினார். அதனால்தான் ஆங்கிலேயர் பணிந்து புதுச்சேரியைத் திருப்பித் தந்தார்கள். நாம் இன்று பிரெஞ்சுத் தெருக்களில் நடக்கிறோம் என்றால் அந்த ஒரு நாளால்தான். தெருவுக்கு அவர் பெயர் வைத்தது நன்றிக்கடன்.

பழஞ்சுவடி

மன்னிக்க வேண்டும், நடையன் அவர்களே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாட்காட்டி ஒத்துவரவில்லை. பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சாயில் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20ஆம் நாள். புதுச்சேரியைத் திருப்பித் தருவது அப்போதே பேசி முடிந்துவிட்டது. கடலூரில் பீரங்கி முழங்கியது ஜூனில். இடையில் ஐந்து மாதங்கள். சமாதானம் ஆகிவிட்ட செய்தி கடல் வழியே வந்துசேர்வதற்குள் இங்கே ஆயிரக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். இந்தப் போரில் என்னை உறுத்துவது இதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். 1783 மார்ச்சில் வயதான பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி புதிய படையோடு வந்து கடலூரில் தங்கினார். ஹைதர் அலி முந்தைய டிசம்பரில் இறந்துவிட்டார். திப்பு மேற்குக் கரைக்குப் போய்விட்டார். இந்த நேரம் பார்த்து ஆங்கிலேயரின் ஜெனரல் ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து வந்து, தெற்குப் பக்கம், ஒரு கை கடலிலும் மறு கை வண்டிப்பாளையம் மேட்டிலுமாகப் பாளையமிறங்கினார். முதுநகர்வாசி அவர்களுக்குக் கேப்பர் மலைப் பக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த நிலத்தில்தான் ஜூன் 13 அன்று கடும் போர் நடந்தது. ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் விழுந்தார்கள். ஆனாலும் புஸ்ஸி அன்றிரவு படையை ஊருக்குள் இழுத்துக்கொண்டார். ஊர் முற்றுகைக்குள்ளாயிற்று. ஹியூசின் 18 போர்க்கப்பல்கள் பரங்கிப்பேட்டைப் பக்கம் நின்று முற்றுகைக்காரருக்கு வேண்டியதைக் கடல்வழியே இறக்கிக்கொண்டிருந்தன.

சுஃப்ரெனிடம் 15 கப்பல்கள். அவற்றிலும் ஆளில்லை, ஓராண்டுப் போரும் நோயும் மாலுமிகளைத் தின்றிருந்தன. ஜூன் 17 மாலை காற்றைப் பயன்படுத்திக்கொண்டு, ஹியூஸ் விலகிய இடத்தில் வந்து கடலூருக்கு எதிரே நங்கூரமிட்டார். முற்றுகைக்குள் இருந்த ஊரிலிருந்தே 1,200 வீரர்களைக் கடன் வாங்கிப் பீரங்கிகளுக்கு நிறுத்தினார். அவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்களும் உண்டு. கோட்டையைக் காக்க வேண்டியவர்களைக் கப்பலேற்றுவது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். கடலில் தோற்றிருந்தால் ஊரும் அன்றே போயிருக்கும்.

ஹியூஸ் கடற்காற்றுக்காகக் காத்திருந்தார். அது எழுந்திருந்தால் காற்றின் மேற்புறம், அதாவது தாக்குவதற்கு வசதியான, காற்று வரும் பக்கம், அவருக்கு வாய்த்திருக்கும். காற்று மேற்கிலிருந்தே வீசியது. 20ஆம் நாள் மாலை நான்கு மணியளவில் சுஃப்ரென் தாக்கினார், இருட்டும்வரை சண்டை. முந்தைய ஆண்டு பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸ் தம் தலைமைக் கப்பலோடு ஆங்கிலேயரிடம் பிடிபட்டதால், இனித் தளபதிகள் சிறு கப்பலுக்கு மாறி நின்று போரை நடத்த வேண்டும் என்று அரசர் கட்டளையிட்டிருந்தார். ஆகவே சுஃப்ரென் அன்று ‘ஏரோ’வில் இல்லை, ‘க்ளியோபாத்ர்’ என்ற சிறு கப்பலில் நின்று பார்த்தார். எப்போதும் சண்டையின் நடுவில் நின்று பழகியவருக்கு அந்தக் கட்டளை எப்படி இருந்திருக்கும்!

இருபக்கமும் ஏறத்தாழ ஐந்நூறு பேர் வீதம் செத்தும் காயமுற்றும் போனார்கள். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒரு கப்பலும் பிடிபடவில்லை. முதுநகர்வாசி அவர்களின் கேள்விக்கு இதுவே விடை: ஐந்து போர்களிலும் ஹியூசின் போர்க்கப்பல் ஒன்றையும் சுஃப்ரென் பிடிக்கவில்லை; ஹியூசும் அவருடையதைப் பிடிக்கவில்லை. ஆனால் மாலுமிகள் நோயுற்று, குடிதண்ணீரும் தீர்ந்த நிலையில் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப, சுஃப்ரென் கடலூருக்குத் திரும்பி, வாங்கிய 1,200 பேருக்கு ஈடாக 2,400 பேரை ஊருக்குள் இறக்கினார். வட்டியோடு கடன் தீர்ந்தது. முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளானதுபோல் ஆயிற்று. எனவே வெற்றியா என்று கேட்டால், ஆம் என்பேன். எதிரியின் கப்பலைப் பிடிப்பதுதான் வெற்றி என்று கொள்பவர் இல்லை என்பார். ஊர் பிழைத்தது என்பதை இருவரும் மறுக்க முடியாது.

அதன் பிறகு புஸ்ஸி 25ஆம் நாள் செய்த திடீர்த் தாக்குதல் தோற்றது. ஜூன் இறுதியில் வெள்ளைக் கொடியோடு ஆங்கிலக் கப்பலொன்று வந்து சமாதானச் செய்தியைச் சொன்னது. இந்த முறை அது உண்மையிலேயே சமாதானக் கொடி. உடன்படிக்கைப்படி, அவ்வளவு பாடுபட்டுக் காத்த கடலூர் ஆங்கிலேயருக்கும், அதுவரை ஆங்கிலேயரிடம் இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறின. தெருவின் விடை இதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் தெருவுக்குப் பெயர் வைக்கத் தங்கள் கையில் இருந்த ஊரில்தானே முடியும்?

செம்மண் சாலை

எல்லோரும் அவரைப் புகழ்ந்தே எழுதுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்வது கடமை என்று நினைக்கிறேன். சுஃப்ரெனிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமிகளும் வீரர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குப் போட உணவில்லை. சென்னையோடு கைதி மாற்றிக்கொள்ளும் பேச்சும் கைகூடவில்லை. 1782இல் அவர்களை ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். மைசூர்ச் சிறைகளில் அவர்களில் பலர் மாண்டார்கள். அந்த ஐந்து போர்களுக்கு முன்பே பிடிபட்ட ‘ஹானிபல்’ கப்பலில் இருந்த ஜேம்ஸ் ஸ்கரி என்ற சிறுவன் பத்தாண்டு கழித்துத் தப்பி, தன் சிறைவாழ்க்கையை எழுதி வைத்தான். இரண்டு முறை ஆங்கிலச் சிறையிலிருந்து உயிரோடு வீடு திரும்பிய ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்குச் செரிக்கவில்லை. வேறு வழியில்லை என்று அவருக்காக வாதிடுவோரின் நியாயமும் எனக்குத் தெரியும். கப்பலில் தம் ஆட்களுக்கே அரிசி போதவில்லை.

தம்மிடம் இருந்த கப்பல் தலைவர்களோடு அவர் நடந்துகொண்ட விதமும் ஒரு பக்கக் கதை அல்ல. கட்டளையைக் கேட்காமல் பின்தங்கினார்கள் என்று பலரைப் பதவி நீக்கி அனுப்பினார். நாகப்பட்டினத்தில் ‘செவேர்’ கப்பலின் தலைவர் சில்லார் கொடியை இறக்கிச் சரணடைய முயன்றபோது, கீழ் அதிகாரிகள் மறுத்து மீண்டும் ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்டவரை நீக்கியதில் தவறில்லை. ஆனால் எல்லோரும் கோழைகள் அல்லர். தாம் நினைப்பதை முன்கூட்டி உட்காரவைத்து விளக்கும் பொறுமை சுஃப்ரெனுக்கு இல்லை. போர் நடுவில் கொடி காட்டினால் எல்லோருக்கும் தம் மனம் புரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார். புரியாதபோது சினந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைதரின் படையெடுப்பாலும் மழை பொய்த்ததாலும் அந்த ஆண்டுகளில் இந்தப் பகுதியே பஞ்சத்தில் கிடந்தது. இரண்டு கடற்படைகளும் இரண்டு தரைப்படைகளும் தின்ற அரிசி யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று நம் ஊர்க்காரர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

வெள்ளைநகர் நடையன்

பழஞ்சுவடி ஐயா சொன்ன தேதிகளைச் சரிபார்த்தேன். என் தவறை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் சுஃப்ரெனைப் பற்றி ஏதாவது உண்டா? நம்மவர் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் இந்த வழக்குகள் பல தீர்ந்துவிடுமே.

பழஞ்சுவடி

இருக்க வாய்ப்பில்லை. பிள்ளை 1761இலேயே காலமாகிவிட்டார். அவர் எழுதியது லாபூர்தொனே, தூய்ப்ளே, லாலி காலம். சுஃப்ரெனின் காலத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு. அது 1778 முதல் 1792 வரை செல்கிறது. தமிழில் அச்சாகியும் இருக்கிறது. பிள்ளையின் புகழ் நிழலில் இவர் பெயர் மறைந்துபோனது நம் குறை.

சுஃப்ரெனின் பிற்பகுதியையும் முடித்துவிடுகிறேன். 1783 அக்டோபரில் இந்தக் கரையை விட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கப்பல் தலைவர்கள் தாங்களாகவே வந்து அவருக்கு மரியாதை செலுத்தினார்கள். இவர்களோடுதான் ஏறத்தாழப் பதினாறு மாதங்களில் ஐந்து முறை போரிட்டிருந்தார். 1784 மார்ச்சில் தூலோன் வந்தபோது பெரும் வரவேற்பு. பிரான்சில் அப்போது துணை அட்மிரல் பதவிகள் மூன்றே இருந்தன. அவருக்காகவே நான்காவதை உண்டாக்கி, அவருக்குப் பின் அது ஒழியும் என்றும் எழுதினார்கள். மீண்டும் போர் மூளும் என்ற பேச்சில் 1788இல் அவரைத் தலைமைக்கு எண்ணியிருந்தபோது, டிசம்பர் 8 அன்று பாரிஸில் இறந்தார். நோயால் என்பது ஒரு வழக்கு. ஒரு பிரபுவோடு வாட்போரிட்டு என்பது இன்னொரு வழக்கு. அடுத்த ஆண்டே புரட்சி வெடித்தது. சில ஆண்டுகளில் அவருடைய கல்லறையையும் உடைத்துப் போட்டார்கள். இன்று சான் திரோப்பே துறையில் வெண்கலச் சிலையாக நிற்கிறார். பிரெஞ்சுக் கடற்படையின் புதிய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் வகைக்கும் அவர் பெயரே.

நாற்பதாண்டு ஊழியத்தில் அவருக்குப் பெயர் தந்தது நம் கரையில் கழிந்த காலம் மட்டும்தான். இருபது மாதங்கள்கூட நிறைவாக வராது.

முதுநகர்வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை கேப்பர் மலைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி நின்றேன். சிறுவயதிலிருந்து நூறு முறை போன வழி. இங்கே ஒரே நாளில் இத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியாமலே போய்வந்திருக்கிறேன்.

என் மகள் இப்போது ஆசிரியை கேட்காமலே அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதுகிறாள். கப்பல் படமும் வரைகிறாள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு மசூலாப் படகு வேண்டும் என்று அடம். தேவனாம்பட்டினத்து ஐயாவிடம் ஒரு சந்தேகம்: அந்தப் படகுக்கு ஆணி அடிப்பார்களா?

தேவனாம்பட்டினம் கரையிலிருந்து

அடிக்க மாட்டார்கள், தம்பி. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைப்பார்கள். தேங்காய் நார்க் கயிறு. உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு நம் அலையில் விழுந்தால் பிளந்துபோகும். தைத்த படகு அலை தூக்கும்போது வளைந்து கொடுத்து, தரை தட்டும்போது நெளிந்து நிமிரும். அதனால்தான் எவ்வளவு பெரிய தளபதியானாலும் கடைசிக் கால் மைலுக்குக் கப்பலின் சொந்தப் படகை விட்டு இதில் ஏற வேண்டியிருந்தது. படத்தில் பலகைகளின் விளிம்பு நெடுக, தையல் தெரியும்படி, சிறு சிறு கோடுகள் போடச் சொல்லுங்கள்.